ஒரு பல் கூட்டினா மைலேஜ் ஏறுமா? – ஸ்ப்ராக்கெட் மாற்றும் பழக்கம் பற்றி ஒரு விமர்சனம்

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் "பல்லு மாத்திட்டேன்"னு சொன்னா, அவர் பல் டாக்டரைப் பார்த்துட்டு வந்திருக்கார்னு அர்த்தம் இல்லை. பைக்ல செயின் ஓடுற முன் ஸ்ப்ராக்கெட்டை மாத்தியிருக்கார். சோழபுரத்துல இருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "முன்னாடி ஒரு பல் கூட்டு, மைலேஜ் ஏறும், ஸ்பீடும் ஏறும்." இல்லாவிட்டால், "ஒரு பல் குறை, பிக்கப் பிச்சுக்கும்."

இரண்டையும் நம்பி இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். படிச்சது பிஇ மெக்கானிக்கல், பார்க்கிறது சாப்ட்வேர் வேலை. அதனால் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதும் வியாதி உண்டு.

முதலில் கணக்கு. என் 125 சிசி வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42. 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூணு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 15 போட்டால் இந்த விகிதம் 2.8 ஆகிறது, ஏறக்குறைய 6.7 சதவீதம் குறைவு. 13 போட்டால் 3.23, ஏறக்குறைய 7.7 சதவீதம் கூடுதல். பின்னால் இதே அளவு மாற்றம் வேண்டுமென்றால் மூணு பல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூணு பல்லுக்குச் சமம். முன் ஸ்ப்ராக்கெட் விலையும் குறைவு, மாற்றுவதும் சுலபம். எல்லாரும் அங்கேயே கை வைப்பதற்குக் காரணம் இதுதான்.

60 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் எஞ்சின் 5000 ஆர்பிஎம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 பல் போட்டால் அதே வேகத்துக்கு 4667 போதும். எஞ்சின் நிதானமாக ஓடும், அதிர்வு குறையும், உராய்வும் கொஞ்சம் குறையும். இதுவரை ஒர்க்‌ஷாப் சொல்வது சரி.

ஆனால் பின் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே 6.7 சதவீதம் குறையும், அதுவும் எல்லாக் கியரிலும். ஸ்ப்ராக்கெட் புதுசாக ஒரு துளி சக்தியைக்கூட உண்டாக்காது. எஞ்சின் கொடுப்பதை வேகமாக வாங்குவதா, இழுவையாக வாங்குவதா என்று பங்கு பிரிக்கும், அவ்வளவுதான்.

டாப் ஸ்பீடு கதையும் இங்கேதான் உடைகிறது. வேகம் ஏற ஏற காற்றின் எதிர்ப்பு மிகக் கடுமையாக ஏறும். அதைத் தள்ள எஞ்சினிடம் சக்தி மிச்சம் இருந்தால்தான் பெரிய முன் பல்லால் வேகம் கூடும். சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் அந்த மிச்சம் இருக்காது. டாப் கியரில் ஆர்பிஎம் ஏறாமல் வண்டி முக்கும், கடைசியில் ஒரு கியர் இறக்கித்தான் ஓட்டுவோம். காசு கொடுத்து வாங்கிய உயர்ந்த கியர் சும்மா கிடக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு ஆடி மாதம் ரோட்டில் தெரிந்துகொண்டேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காத்து எப்படி இருக்கும் என்று தென்காசி ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 15 பல் மாட்டி ஒரு மாசம்கூட ஆகவில்லை. பின்னால் வீட்டம்மா, நடுவில் பையன், சிவகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். எதிரே தூரத்தில் ஒரு பஸ். வழக்கமாக அந்த இடைவெளி எனக்குப் போதும். டாப் கியரிலேயே ஆக்சிலேட்டரைத் திருகினேன். வண்டி இழுக்கவில்லை. கியர் இறக்கலாமா, பின்வாங்கலாமா என்று யோசித்த நேரத்தில் பஸ் பெரிதாகிவிட்டது. பிரேக் பிடித்து டிராக்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். ஒண்ணும் ஆகலை. ஆனால் வீடு வந்து சேரும்வரை பின்னால் இருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

தப்பு ஸ்ப்ராக்கெட்டின் மேல் இல்லை. வண்டியின் கணக்கை மாற்றிவிட்டு, பல வருஷமாகப் பழகிய கையின் கணக்கை மாற்றாமல் ஓட்டியது நான். எந்த இடைவெளியில் ஏறலாம், எங்கே கியர் இறக்கணும் என்பது நம் உடம்பில் பதிந்து கிடக்கிறது. ஒரு பல் மாற்றினால் அதெல்லாம் பழசாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சரி, மைலேஜ்? மாற்றுவதற்கு முன் நாலு டேங்க், மாற்றிய பின் நாலு டேங்க், ஒரே பங்கில் முழுசாக நிரப்பி எழுதிவைத்தேன். ஒரே ஸ்ப்ராக்கெட்டில் ஒரு டேங்குக்கும் அடுத்த டேங்குக்கும் வந்த வித்தியாசம், இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் சராசரிக்கும் நடுவே வந்த வித்தியாசத்தைவிடப் பெரிசு. அதாவது ஏறியது, இறங்கியது என்று எதையும் சொல்ல முடியாது. ஒரு டேங்க் மட்டும் பார்த்துவிட்டு "ஏறிப்போச்சு"ன்னு சொல்பவர் பெரும்பாலும் அளப்பது காற்றையும் டிராபிக்கையும் தன் ஆசையையும்தான்.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. பல் மாற்றுவது ராஜபாளையத்துக்குப் புதுசா? 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து இது நூற்பாலை ஊர். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ரிங் பிரேமில் நூலின் கவுண்ட் மாற டிராப்ட் பினியனை மாற்றுவார்கள். முறுக்கு மாற ட்விஸ்ட் வீலை மாற்றுவார்கள். அங்கேயும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ஸ்பிண்டில் வேகம் அப்படியே இருக்க முறுக்கைக் கூட்டினால், வெளிவரும் நூலின் நீளம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கணும்.

ஆனால் மில்லில் பினியனை மாற்றிவிட்டு, "நல்லா இருக்கிற மாதிரி இருக்கு"ன்னு யாரும் கிளம்பிப் போவதில்லை. 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து, எடை போட்டு, கவுண்ட் சரியாக வந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. ஷிப்டில் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் அதே ஆள், வெளியே வந்து தன் பைக் என்றதும் அளக்காமல் நம்பிவிடுகிறார்.

ரேஸ்காரர்களும் அப்படித்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2 கி.மீ. சுற்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் அதைவிட நீளம். டிராக்குக்கு ஏற்ப ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவார்கள், மாற்றியதும் லேப் டைமைப் பார்ப்பார்கள். நேரம் குறையவில்லை என்றால் கழற்றிவிடுவார்கள். அங்கே நம்பிக்கைக்கு இடம் இல்லை.

"கம்பெனிக்காரன் போட்டதுல கை வைக்காதே" என்ற எதிர்க்கட்சியும் முழுக்கச் சரி இல்லை. கம்பெனி உங்களுக்காக வண்டி செய்யவில்லை. ஒற்றை ஆளாகப் போகிறவர், மூணு பேராகப் போகிறவர், ஊட்டி ஏறுகிறவர், சென்னை டிராபிக்கில் ஊர்கிறவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விகிதம் வைக்கிறது. புகை, சத்தம் சோதனைகளையும் அந்த ஒரே அமைப்பில் தாண்டியாக வேண்டும். பொதுவான சட்டை எல்லாருக்கும் கச்சிதமாக இருக்காது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்குக் கியரே இல்லை, ஒரே விகிதம். அதன் வாரிசான எக்ஸ்எல் வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொண்டது. அதனால்தான் பால் கேன், தேங்காய் மூட்டை என்று எதை ஏற்றினாலும் போகிறது.

ஆக, மாற்றலாம். மாற்றும் முன் சிலதைப் பார்த்துக்கொள்ளணும். ஒரு வாரம் எந்தக் கியரில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். டாப் கியரில் ஓடிக்கொண்டே இன்னொரு கியர் இருக்கான்னு கால் அடிக்கடி தேடினால், முன்னால் ஒரு பல் கூட்டுவதில் நியாயம் உண்டு. பாரம், மேடு, ஊருக்குள் அடிக்கடி கிளட்ச் என்றால் குறைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் முன் பல் குறைந்தால் செயின் கூர்மையாக வளைந்து ஓடும், தேய்மானம் கூடும். தேய்ந்த செயினில் புது ஸ்ப்ராக்கெட் மாட்டினால் புதுசும் சீக்கிரம் போய்விடும். முன்னால் ஒரு பல் கூட்டினால் பின் ஆக்சில் சுமார் 3 மி.மீ. முன்னுக்கு நகர வேண்டியிருக்கும், அதற்கு அட்ஜஸ்டரில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அந்த வண்டிகளில் பல் கூட்டினால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மைலேஜ் கணக்கும் அதனோடு சேர்ந்து தப்பாகும்.

நான் 14-க்கே திரும்பிவிட்டேன். அடுத்து 13-ம் போட்டுப் பார்த்தேன். ராஜபாளையம் மார்க்கெட்டுக்குள் சுகமாக இருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எஞ்சின் கத்தியது. அதையும் கழற்றினேன்.

கழற்றிய 15 பல்லை சித்தப்பா மகனிடம் கொடுத்தேன். அவனுக்கும் அதே மாடல் வண்டி. மதுரைப் பக்கம் நாலு வழிச் சாலையில் தினமும் ஒற்றை ஆளாக, ஒரே வேகத்தில் போய் வருகிறவன். அவனுக்கு அது பொருந்துகிறது. "அண்ணே, மைலேஜ் ஏறிருச்சு"ன்னு போன் பண்ணினான்.

எத்தனை டேங்க் எழுதினன்னு கேட்டேன். சிரிச்சுட்டு வச்சுட்டான்.