லாரி நடையும் ஆள் கணக்கும்

கொரோனா தொற்றுக் காலத்தில் தங்கள் ஊழியர்கள் ஆற்றிய பணியைப் போற்றிக் குடிநீர் நிறுவனங்கள் வெளியிடும் மலர்களையும் சாதனைத் தொகுப்புகளையும் பற்றி, ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவற்றில் இல்லை என்று குறை சொன்னால், உடனே ஒரு பதில் வரும்: “ஒப்பந்ததாரரின் ஆட்களை நிறுவனம் தன் மலரில் எப்படி எழுத முடியும்? அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் இல்லையே!” கேட்டமாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில் அடிப்படையிலேயே தவறானது என்பது என் நெடுநாள் கருத்து.

இத்தகைய எழுத்து தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. மருத்துவரையும் செவிலியரையும் ஊர் பார்த்தது, கைதட்டியது. நள்ளிரவு ஷிப்டில் மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தவரை யாரும் பார்க்கவில்லை. குளோரின் சிலிண்டரை வீட்டிலிருந்தபடி மாற்ற முடியாது, வால்வைக் கைப்பேசியில் திறக்க முடியாது. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒன்பதே மாதத்தில் ஊரடங்கு. அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்ன அதே நகரத்துக்கு வீராணம் குழாயும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்களும் ஓய்வில்லாமல் ஓட வேண்டியிருந்தது. ஓட்டியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் சென்னையின் தண்ணீர் குழாய்வழியாக மட்டுமா வருகிறது? குழாய் எட்டாத இடங்களிலும், எட்டியும் காற்று மட்டுமே வரும் தெருக்களிலும் லாரி வந்து சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பினால்தான் குடம் நிறையும். தொற்றுக்காகத் தகரம் அடித்து மூடிய தெருக்களிலும் தொட்டி நிரம்பியாக வேண்டும். ஓட்டுநரும், குழாயைத் தோளில் இழுத்துப் போட்ட உதவியாளும், குடத்தோடு நெருக்கியடித்து நின்ற கூட்டத்தின் நடுவேதான் வேலை செய்தார்கள். லாரி பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தது. ஓட்டுநர் ஒப்பந்ததாரரின் ஆள். சாதனைத் தொகுப்பில் “இத்தனை லட்சம் லிட்டர், இத்தனை நடை” என்று அச்சாகும் எண்ணுக்குள் அவருடைய நடைகளும் உண்டு. நடை நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. ஓட்டியவர் மட்டும் சேராமல் நின்றுவிடுகிறார். ஊழியர் இல்லை என்று சொல்பவர்கள் அந்த நடைகளையும் சாதனையிலிருந்து கழித்துவிட்டு எழுதட்டும். அப்படி யாரும் எழுதுவதில்லை.

கழிவுநீர்ப் பக்கம் போனால் இந்த விடுபடல் இன்னும் கொடியது. நோயாளிகளின் கழிவோடு வெளியேறும் வைரஸின் மரபணுக்கூறை 2020 தொடக்கத்திலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் சாக்கடை நீரில் கண்டறிந்து சொன்னார்கள். அந்த நீரால் தொற்று எவ்வளவு பரவும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த நாட்களிலும் அடைப்பு விழுந்தது, யாரோ போய் எடுத்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஒருவரை ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ அமர்த்தக் கூடாது என்கிறது. ‘மறைமுகமாக’ என்பது அங்கே காரணத்தோடுதான் சேர்க்கப்பட்டிருக்கிறது. குழியில் ஒருவர் இறந்ததும் முதலில் எழும் குரல், “அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள்” என்பது. உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று வைத்த இழப்பீட்டை 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் தொகை எவ்வளவு உயர்ந்தாலும், இறந்தவர் அன்று அந்த இடத்தில் யாருக்காக வேலை செய்தார் என்று மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழக்கூடும். பாராட்டு மலரில் ஒரு பெயர் விடுபடுவதைச் சிறிய விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான். விழா நாளில் “எங்கள் ஆள் இல்லை” என்று சொல்லிப் பழகிய நாக்கு, சாவு நாளிலும் அதையே சொல்கிறது.

விவரம் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. அன்று நடப்பிலிருந்த 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, வேலை வாங்கும் நிறுவனம் முதன்மை வேலையளிப்பவர். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும்போது அதன் பிரதிநிதி அருகில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் நிறுவனமே கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் வருகைப் பதிவேடும் கூலிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும், தொழிலாளிக்கு வேலை அட்டை தர வேண்டும். சட்டப்படி எல்லாம் நடந்திருந்தால், ஊரடங்கின் ஒவ்வொரு நாளிலும் யார் யார் எந்த வேலையில் இருந்தார்கள் என்ற பட்டியல் கையிலேயே இருந்திருக்கும். இருந்தும் அச்சிடவில்லை என்றால் அது புறக்கணிப்பு. பட்டியலே இல்லை என்றால் அது சட்டமீறல். மூன்றாவது விளக்கம் ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

எழுத மனமிருந்தால் எழுதலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவித்தபோது, ஒப்பந்த, தினக்கூலி, வெளிநிறுவன ஆட்களையும் பெயர் சொல்லியே சேர்த்தது. அதே மாதம் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் கடல்நீர் நிலையத்தில் பத்துப் பேர் தாமாக முன்வந்து 21 நாள் நிலையத்துக்குள்ளேயே தங்கி வேலை செய்தார்கள். அந்த நிலையம் தனியாருடையது. தண்ணீரை வாங்குவது சான் டியேகோ மாவட்டத்தின் பொது நீர் ஆணையம். அந்தப் பத்துப் பேரின் பணியை ஆணையம் தன் செய்திப் பக்கங்களில் பெருமையோடு சொன்னது. சம்பளப் பட்டியல் வேறொருவருடையது என்பது அங்கே குறுக்கே நிற்கவில்லை. நம்மிடம் நிற்கிறது என்றால், சாக்கடை வேலையைச் சாதியோடு கட்டிவைத்திருக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு அதற்குக் காரணம் தேட முடியாது.

“தியாகம்”, “அர்ப்பணிப்பு” என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், அந்தத் தியாகம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. ஒருவர் விடுப்பில்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்தார் என்றால், அவருக்கு மாற்றாள் இல்லை என்று பொருள். தண்ணீர் விநியோகம் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தையும் அதே 1970 சட்டம் அரசுக்குத் தந்திருந்தது. தண்ணீர் தருவதைவிட நிரந்தரமான வேலை ஒரு நகரத்தில் வேறு என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக்கென்றே 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி. மாதத்துக்குச் சராசரி 20 நாள். 2020 மார்ச் தொடங்கி இரண்டாண்டு லாரி ஓட்டியவரும் அடைப்பு எடுத்தவரும் அதைத் தாண்டியிருப்பார்கள். ஒப்பந்ததாரரின் ஆட்களில் யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை நீதிமன்றத்தில் வாதிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வாதிடுவதற்கு அந்த இரண்டாண்டு வருகைப் பதிவேடு வேண்டும். அடுத்த தொகுப்பை வெளியிடும் நிறுவனம் எதுவானாலும், அதன் பின்னிணைப்பாக அந்தப் பதிவேட்டை முதல் பெயர் முதல் கடைசிப் பெயர் வரை அச்சிடட்டும்.