உப்பு ஏறுவதற்கு முன்பே

புதுச்சேரிப் பக்கத்துக் கிருமாம்பாக்கத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினால், வீட்டார் கேட்பது 'உப்பு எவ்வளவு?' என்றுதான். கிரியேட்டினினுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் அது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் மனத்தில் இன்னொரு கேள்வி ஓடும்: இந்தக் கிட்னி எத்தனை வருஷம் தாங்கும், மறுபடி டயாலிசிஸ் எப்போது?

இதற்கு எண்ணால் பதில் சொல்லும் கருவிகளில் பேர்போனது 'ஐபாக்ஸ்'. பாரிஸின் அலெக்சாந்தர் லூப்பி குழுவினர் 2019இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியிட்டது. பிரான்சில் 4,000 பேரின் விவரங்களால் உருவாக்கி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 3,557 பேரிடம் சரிபார்த்தார்கள். மாற்று சிகிச்சைக்குப் பின் கடந்த காலம், வடிகட்டும் திறன், சிறுநீரில் போகும் புரதம், கொடையாளியின் உறுப்புக்கு எதிராக உடம்பில் உருவான ஆன்டிபாடி, பயாப்சியில் தெரியும் அழற்சி, தழும்பு முதலான எட்டு அம்சங்களைக் கூட்டிக் கணக்கிடுகிறது.

இதன் பலம் லேசானதல்ல. கிரியேட்டினின் தாமதமாகத்தான் வாய் திறக்கும். அது ஏறும்போது உள்ளே பாதிச் சேதம் முடிந்திருக்கும். ஆன்டிபாடியும் நுண்ணோக்கியும் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அனுபவசாலி மருத்துவர் மனக்கணக்காகப் போட்டதை ஐபாக்ஸ் எல்லாருக்கும் பொதுவான அளவுகோலாக்கியது.

அதன் துல்லியம் 0.81 என்கிறார்கள். இரண்டு பேரில் யாருக்கு முதலில் உறுப்பு செயலிழக்கும் என்று கேட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 81 முறை சரியாகச் சொல்லும். வரிசைப்படுத்தும் திறமைதான் இது. பக்கத்துப் பாகூர்க் கழனியில் நிற்கும் ஒருவருக்குத் தேதி குறிக்கும் ஜோசியம் அல்ல.

ஓட்டை முதல் படியிலேயே இருக்கிறது. வடிகட்டும் திறனைக் கிரியேட்டினினிலிருந்து கணக்கிடுகிறார்கள்; கிரியேட்டினினோ தசையிலிருந்து வருவது. ஒல்லியான கூலித் தொழிலாளிக்குத் தசை குறைவு, அதனால் உப்பும் குறைவு, கணக்கில் கிட்னி மட்டும் ஆரோக்கியமாகத் தெரியும். மேல்நாட்டுச் சூத்திரங்கள் இந்தியர்களின் வடிகட்டும் திறனைக் கூட்டிக் காட்டுவதைச் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் நேரடியாக அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. புதுச்சேரியைச் சுற்றிய பகுதியின் விவசாயக் கூலிகளிடம், காரணம் பிடிபடாத ஒரு சிறுநீரக நோயைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் அடையாளம் கண்டு 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பெயரிட்டார்கள். மாற்று சிகிச்சை முடிந்ததும் அப்படிப்பட்டவர் திரும்புவது அதே வெயிலுக்கும் அதே தண்ணீருக்கும்தான். வேலையில்லாத மாதத்தில் விட்டுப்போகும், உடம்பு உறுப்பை நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரைக்கும் ஐபாக்ஸின் எட்டு அம்சங்களில் இடமில்லை. உறுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே காசநோயாலோ மாரடைப்பாலோ இறப்பவர்களை ஐபாக்ஸ் இழப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தொற்று மலிந்த நாட்டில் அது பெரிய விடுபடல்.

பயாப்சியும் ஆன்டிபாடிச் சோதனையும் பணமும் பயணமும் கேட்பவை. எட்டு அம்சமும் கையில் இருக்கும் மருத்துவமனைக்கு ஐபாக்ஸ் சரி. கிருமாம்பாக்கத்து வீட்டுக்கு மஞ்சப்பையில் சேர்த்துவைத்த பழைய சீட்டுகளே மேல். அவற்றுக்குப் பொருந்தும் எளிய கருவியும் உண்டு. கனடா நோயாளிகளின் விவரங்களிலிருந்து நவ்தீப் தங்ரி குழுவினர் 2011இல் தந்த சூத்திரத்துக்கு வயது, பாலினம், வடிகட்டும் திறன், சிறுநீரில் ஆல்புமின் என நான்கே போதும். சொந்தச் சிறுநீரகம் பழுதானவர்களுக்காகச் செய்தது அது. பிறகு மாற்றுச் சிறுநீரகத்தாரிடமும் சோதித்தார்கள். தசையால் வரும் பிழை இதையும் விடாது. ஆனால் ஒரே ஆளின் அளவுகளைத் தேதிவாரியாகப் புள்ளி வைத்துக் கோடிழுத்தால், சூத்திரம் பிசகினாலும் சரிவு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சரிவை முன்கூட்டியே பார்த்தால் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டுவைக்கலாம். அது பழுக்க வாரக்கணக்கில் ஆகும். தாமதமானால் மூச்சுத் திணறலோடு ஓடி, கழுத்தில் குழாய் செருகித்தான் டயாலிசிஸ் தொடங்க வேண்டியிருக்கும். எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கிவைத்திருக்கும் உடம்பில், கிருமி நுழைய அந்தக் குழாயே வழி.