சொத்தை விற்ற நாயகன்

சிவகாசி காமிக்ஸ்களில் தமிழ் பேசிய பேட்மேனை வாசித்த நாம், புரூஸ் வெய்னுக்கு அந்தக் காரும் குகையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டதில்லை. பரம்பரைச் சொத்து, அவ்வளவுதான். 1939 முதல் இரவெல்லாம் திருடர்களை அடித்துவிட்டு விடிந்தால் அதே மாளிகைக்குத் திரும்புகிறான். எவ்வளவு நல்லது செய்தாலும் கடைசிக் கட்டத்திலும் அவன் பணக்காரன்தான். பணக்காரன் நல்லவனாக இருக்க முடியுமா என்கிற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதே அந்த முகமூடியின் வேலை என்று படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு தன் நாயகனை இப்படி விட்டுவைக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பற்றி இங்கே வழங்கும் கதை தெரிந்ததுதான். பாதி கட்டியது வெள்ளத்தில் போச்சு, சர்க்கார் கையை விரிச்சிருச்சு, தொரை சீமைக்குப் போயி பொண்டாட்டி நகை, சொத்து எல்லாத்தையும் வித்துட்டு வந்து கட்டுனாரு.

ஆவணங்கள் சொல்வது வேறு. அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் எழுந்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1887இல் வேலை தொடக்கம், 1895இல் திறப்பு. பாசன வருவாயை எதிர்பார்த்துப் போட்ட முதலீடு அது. பென்னிகுயிக் சம்பளம் வாங்கிய ராணுவப் பொறியாளர்.

இதைச் சொல்லிக் கதையைப் 'பொய்' என்று தள்ளுவது சுலபம். படித்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் தர்க்கம். சம்பளக்காரரை முதலில் சொத்துக்காரராக்கி, பிறகு அந்தச் சொத்தை இழக்க வைக்கிறது இந்தப் பிரதி. நகையை அடகு வைத்து விதைநெல் வாங்கிய சம்சாரிக்கு நல்லவன் என்பவன் தானும் வித்தவனாகத்தான் இருக்க முடியும். மாளிகைக்குத் திரும்புகிறவனை அவன் கும்பிடமாட்டான். இந்த அளவில் பள்ளத்தாக்கின் அறவுணர்வு அமெரிக்கக் காமிக்ஸை விடக் கறாரானது.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு விலை உண்டு. வரிப்பணம் ஒரு துரையின் கொடையாக மாறிப்போகிறது. அரசிடம் உரிமையாகக் கேட்க வேண்டியது நன்றிக்கடனாகிவிடுகிறது. அதைவிட, மலேரியாவிலும் காலராவிலும் அந்தக் காட்டில் செத்த கூலிகள் கதைக்குள் வருவதேயில்லை. விற்க ஏதுமற்றவர்களுக்கு, விற்றவனைப் பற்றிய கதையில் என்ன இடம்? அணைக்கட்டுப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மணிமண்டபம் 2013இல் லோயர் கேம்பில் துரைக்குத்தான் எழுந்தது.

அவர் பிறந்த ஜனவரி 15இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்டவர்களும் இங்கே உண்டு. கூலியாட்கள் பெயரை யாராவது வைத்தார்களா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவுக எம்புட்டோ பேரு. யாரு பேரைன்னு வைக்கிறது?"