கோலா பாட்டிலும் பூஜ்ய நோட்டும்

நவீன கலை என்றதும் நம்மில் பலர், "அதெல்லாம் நமக்கு எங்கே சார் புரியப்போவுது!" என்று நழுவிவிடுகிறோம். நானும் அப்படி நழுவியவன்தான். பிரேசில் நாட்டுக் கலைஞர் சில்டோ மெய்ரெலெஸின் படைப்புகளைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சாக்கு செல்லுபடியாகவில்லை.

1964 முதல் 1985 வரை பிரேசிலில் ராணுவ ஆட்சி. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1970-இல் மெய்ரெலெஸ் காலியான கோகோ கோலா பாட்டில்கள்மேல், அமெரிக்கர்களை வெளியேறச் சொல்லும் கோஷத்தை வெள்ளை எழுத்தில் அச்சிட்டு, மறுபடி புழக்கத்தில் விட்டார். காலி பாட்டிலில் எழுத்து சட்டென்று கண்ணில் படாது. கறுப்புப் பானம் நிரம்பினால் பளிச்சென்று தெரியும். கம்பெனியின் விநியோகமே அதன் எதிரிக்குத் தபால் சேவை ஆயிற்று!

அடுத்து அவர் கைவைத்தது பணத்தின்மேல். ரூபாய் நோட்டில் யார் படம் போடுகிறோம் என்பது சின்ன விஷயமா? ஒரு தேசம் தன் முகமாக யாரைக் காட்டுகிறது என்பதல்லவா அது! 1974-க்கும் 1978-க்கும் இடையில் அவர் 'பூஜ்யம் குரூசெய்ரோ' நோட்டை உருவாக்கினார். தலைவர் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒருபுறம் பழங்குடி மனிதர்; மறுபுறம் மனநல மருத்துவமனை நோயாளி. பணவீக்கத்தைக் கேலி செய்கிறார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால், இந்த நாடு யார் யாரைப் பூஜ்யமாக மதிக்கிறது என்பதே உள்ளே இருக்கும் கேள்வி.

1975 அக்டோபரில் விளாடிமிர் ஹெர்சோக் என்ற பத்திரிகையாளர் சாவ் பாவ்லோவில் ராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. 'ஹெர்சோக்கைக் கொன்றது யார்?' என்று நிஜ நோட்டுகளில் முத்திரை குத்திச் செலவழித்தார் மெய்ரெலெஸ். கேள்வி இருக்கிறதே என்று யாராவது பணத்தைக் கிழித்துப் போடுவார்களா? கை மாற மாறக் கேள்வியும் நடந்தது. 2013-இல் ஹெர்சோக்கின் இறப்புச் சான்றிதழே திருத்தப்பட்டது. அது கலையின் வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பத்தார் விடாது போராடிய பலன். ஆனால் எல்லோரும் வாய்மூடியிருந்த காலத்தில் கேள்வியை உயிரோடு வைத்திருந்தவற்றுள் அந்த முத்திரையும் ஒன்று.

குறையும் சொல்லவேண்டும். பாட்டிலில் இருந்தது ஊரறிந்த கோஷம். படித்தவர் தலையாட்டிவிட்டுக் குடித்துவிடலாம். நோட்டில் இருந்ததோ கேள்வி. கையில் வாங்கியவர் பதில் தேடியாக வேண்டும். அதனால் என் மதிப்பில் நோட்டே உயர்ந்தது. அந்தப் பாட்டில்கள் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. கையில் எடுக்க முடியாத பாட்டில் யாரிடம் போய்ச் சேரும்? நையாண்டிக்கு உயிர் இருப்பது புழக்கத்தில்தான்.