மூன்றிலும் பாஸ், ஆனாலும் ஸ்பேம்

மின்னஞ்சல் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் பாஸ் என்றுதானே காட்டுகிறது, பிறகு ஏன் எங்கள் மடல் ஸ்பேமுக்குப் போகிறது?" கேட்பவர் மேல் தவறில்லை. இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் மடல் இன்பாக்ஸில் விழும் என்றுதான் அவரிடம் சொல்லியிருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்க 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறையில், அனுப்புநர் சொல்லும் பெயர் மெய்யா என்று பார்க்கும் ஏற்பாடு கிடையாது. யார் பெயரிலும் யாரும் மடல் அனுப்பலாம். அதனால் பெறும் சர்வர்கள் நெடுங்காலம் ஐபி முகவரியை வைத்தே ஆளை எடைபோட்டன. 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியல்களும் அந்த வழியில் வந்தவையே. ஒரே ஐபியைப் பலர் பகிரும்போது பக்கத்து வீட்டுக்காரர் செய்த பிழைக்கு நாம் தண்டனை அனுபவித்தோம்.

எஸ்பிஎஃப், ஒரு டொமைன் பெயரில் மடல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கிறது. ஆனால் அது சரிபார்ப்பது உறைமேல் உள்ள முகவரியை. படிப்பவர் கண்ணில் படும் 'ஃப்ரம்' வரியை அல்ல. யாஹூவின் டொமைன்கீஸும் சிஸ்கோவின் முயற்சியும் இணைந்து 2007இல் உருவான டிகிம், மடலில் மின்கையொப்பம் இடுகிறது. கையொப்பமிடும் டொமைன் எதுவாகவும் இருக்கலாம். இரண்டிலும் இருந்த இந்த ஓட்டையை அடைத்தது 2012இல் வெளியான டிமார்க். கண்ணில் படும் பெயரும் சரிபார்க்கப்பட்ட பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்றது அது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுதான்.

பெறும் சர்வர்களிடம் அனுப்புநர் சம்பாதிக்கும் நற்பெயருக்கும் இந்தச் சரிபார்ப்புக்கும் என்ன தொடர்பு? வரவு செலவு எழுத வேண்டுமானால் முதலில் பேரேட்டில் ஒரு பெயர் வேண்டும். சரிபார்ப்பு அந்தப் பெயரைத் தருகிறது. அதன்கீழ் எத்தனை பேர் ஸ்பேம் என்று புகார் செய்தார்கள், எத்தனை மடல் இல்லாத முகவரிக்குப் போய்த் திரும்பியது, எத்தனை பேர் ஆர்வமாகத் திறந்தார்கள் என்று நடத்தைக் கணக்கு ஏறுகிறது. சர்வரை மாற்றினாலும் டொமைன் சம்பாதித்த பெயர் கூடவே வருகிறது. கெட்ட பெயரும் அப்படித்தான் வரும். ஸ்பேம் அனுப்புகிறவர்களும் தொடக்கத்திலேயே தங்கள் டொமைன்களுக்கு எஸ்பிஎஃப் எழுதிக்கொண்டார்கள். அதைக் காட்டி இந்த முறையே வீண் என்றவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் பெயரை மெய்ப்பித்துவிட்டு ஸ்பேம் அனுப்புபவனைத் தடுப்பது எளிது. அவன் நாளைக்குப் புது டொமைன் வாங்கிக்கொள்வான் என்பதுதான் சிக்கல். அதனால் புது டொமைன் எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாகிறது. நேற்றுப் பதிவுசெய்த நேர்மையான சிறு நிறுவனமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பித்தான் நம்பிக்கை பெற வேண்டியிருக்கிறது.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கின. கூகுளின் கணக்கில், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் அனுப்பினால் மொத்த அனுப்புநர். அதே விதியில் இன்னும் இரண்டு இருந்தன: ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது; ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஆயிரம் பேருக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே ஆபத்து. கையொப்பம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

குறைகள் சிறியவை அல்ல. ஒரு மடலை ஃபார்வேர்ட் செய்யும் சர்வர் அனுப்புநரின் பட்டியலில் இராது. எஸ்பிஎஃப் அங்கேயே முறிகிறது. அஞ்சற்குழு ஒன்று மடலின் அடியில் இரண்டு வரி சேர்த்தால் டிகிமும் முறியும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' (தேறாத மடலை நிராகரி) என்று மாற்றியபோது, யாஹூ பயனர்கள் குழுக்களுக்கு எழுதிய மடல்கள் ஜிமெயில் முதலிய இடங்களில் நிராகரிக்கப்பட்டுத் திரும்பின. அந்தத் திரும்பல்களால் எந்தத் தவறும் செய்யாத மற்ற உறுப்பினர்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். இதைச் சரிசெய்ய 2019இல் வந்த ஏஆர்சி என்ற நெறிமுறை, பரிசோதனை நிலை ஆவணமாகவே வெளியானது.

2024இன் விதிகளுக்கு டிமார்க்கில் 'நன்' என்ற கொள்கையே போதும். போலி மடல் வந்தால் ஒன்றும் செய்யாதே என்பது அதன் பொருள். விதிக்காக அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, வரும் அறிக்கைகளைத் திறந்தும் பாராமல் விட்டால் அது பாதுகாப்பே ஆகாது. எஸ்பிஎஃப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு 'இன்க்ளூட்' சேர்த்துக்கொண்டே போவதும் அப்படித்தான்: டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினால் பதிவே செல்லாது. கைவிட்ட ஒரு பழைய சேவையின் பெயர் நம் பதிவில் இருக்கும்போதே அதன் டொமைன் காலாவதியானால் வேறொருவர் அதை வாங்கி நம் பெயரில் அனுப்பலாம். 2024இல் பெரிய நிறுவனங்களின் பெயர்களிலேயே இப்படி ஸ்பேம் போனது அம்பலமானது. அந்த மடல்கள் சரிபார்ப்பில் தேறியவை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. சரிபார்ப்பின் விதிகள் பொதுவில் இருக்கின்றன. யாரும் படித்துச் சோதிக்கலாம். நற்பெயர்க் கணக்கோ சில பெருநிறுவனங்களின் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. தீர்ப்பு வரும், காரணம் முழுதாக வராது. சொந்தமாகச் சர்வர் நடத்தும் ஒரு சிறு பள்ளியோ பத்திரிகையோ எங்கே போய் முறையிடும்? அனுப்புகிறவரிடம் இவ்வளவு ஒழுங்கு கேட்கும் நிறுவனங்கள், மடலை ஒதுக்கிய காரணத்தை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். டொமைன் வைத்திருக்கும் நீங்களும் இந்த வாரம் உங்கள் எஸ்பிஎஃப் பதிவைத் திறந்து, இப்போது பயன்படுத்தாத சேவைகளின் பெயர்களை நீக்குங்கள்.