கோடும் முஹாசபாவும்: நஸ்ரீன் முஹம்மதியின் சித்திரங்கள்

பெண்ணாடத்தை ஒட்டிய வெள்ளாற்றில் நீர் வற்றிய கோடை மாலைகளில், காற்று மணல்மீது இட்டுச் செல்லும் வரிகளை நோக்கி நாம் நின்றதுண்டு. அடுத்தடுத்த இரு வரிகள் ஒன்றுபோல் தோன்றும். குனிந்து நோக்கினால் ஒன்றாயிரா. பாலை மணலையும் கடலோரத்தையும் ஒளிப்படங்களாகப் பதிவு செய்த ஓவியர் நஸ்ரீன் முஹம்மதியின் கோட்டுச் சித்திரங்களை அணுக இப்பார்வையே நமக்கு வழிகாட்டியது.

1937இல் கராச்சியில் பிறந்து மும்பையில் வளர்ந்த இவர், இலண்டனிலும் பாரிசிலும் கலை பயின்றார். 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியராக விளங்கி, 1990இல் மறைந்தார். குடும்பத்தின் வணிகம் இருந்த பஹ்ரைனின் பாலையும் கடலும் அவர் பார்வையில் ஆழப் பதிந்தன. 1960களின் படைப்புகளில் செடியையும் கிளையையும் நினைவூட்டும் வடிவங்கள் உண்டு. எழுபதுகளில் அவை உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவன தாள், பென்சில், மை, அளவுகோல். கட்டட வரைபடக் கலைஞர் கையாளும் கருவிகளால் இழுக்கப்பட்ட கோடுகள் ஓரிடத்தில் நெருங்கி வேறோரிடத்தில் விலகுகின்றன. மரமில்லை, அலையில்லை, ஆயினும் தொடுவானம் பின்வாங்கிச் செல்வதை உணர்கிறோம். இயற்கையின் தோற்றத்தை விடுத்து அதன் இடைவெளிகளையே அவர் பற்றிக்கொண்டார் எனக் கருதுகிறோம்.

உருவத்தைத் தவிர்க்கும் இஸ்லாமிய மரபே அவரைக் கோட்டின்பால் செலுத்தியது எனச் சொல்லத் தோன்றலாம். அஃது அவசர முடிவு. ஃபத்தேப்பூர் சிக்ரியை அவர் ஒளிப்படமெடுத்தது மெய்யே. ஆனால் அந்நகரை எழுப்பிய அக்பரின் அவையில்தானே உருவ ஓவியம் தழைத்தது! தறியில் விரிந்த நூலும் சாலையில் இட்ட கோடும்கூட நஸ்ரீனின் கண்ணில் பட்டன.

மன அமைதிக்கென வண்ணம் தீட்டும் புத்தகங்கள் இன்று கடைகளில் மலிந்துள்ளன. வரைதலைத் தியானம் என்போர் பெரும்பாலும் கருதுவது அத்தகைய இளைப்பாறலையே. நஸ்ரீனின் நாட்குறிப்புகளிலோ தனிமையும் தவிப்பும் மிகுதி. எழுதிய வரிகளின் மீதே மைப்பட்டைகள் இட்டு மறைத்த பக்கங்களும் உள்ளன. அவரது வரைதலை முராகபா என்பதினும் முஹாசபா, அதாவது தன்னிடம் தானே கணக்குக் கேட்டல், என்பதே பொருந்தும். கை ஓர் இழை பிசகினாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தி மறைக்க வண்ணமும் இல்லை. இறுதி ஆண்டுகளில் நரம்பு நோய் அவரது உடலசைவைப் படிப்படியாகக் குலைத்தது. அக்காலச் சித்திரங்களில் கோடுகள் குறைந்தன, துல்லியம் குறையவில்லை. குலையும் உடலை நாள்தோறும் ஒரு நேர்கோட்டின் முன் நிறுத்திக் கேள்வி கேட்ட செயலை இளைப்பாறல் என்பது எங்ஙனம்?

இக்கலையின் கடுமை பலரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சித்திரங்களுக்குத் தலைப்பில்லை, தேதியில்லை. 2016இல் நியூயார்க்கின் மெட் ப்ராயர் அருங்காட்சியகம் அவரது படைப்புகளின் கண்காட்சியோடு திறக்கப்பட்ட பிறகு அவர் பெயர் பரவலாயிற்று. படங்கள் நூல்களிலும் கிடைக்கின்றன. ஆனால் மெல்லிய பென்சில் கோடுகள் அச்சில் கரைந்துபோகின்றன. மூலத்தின் முன் ஒரு முழத் தொலைவில் நிற்க வாய்ப்பவர்க்கே அவை ஒவ்வொன்றாகத் தென்படும். அதற்கும் சற்று நேரம் பிடிக்கும்.