உலகக் கடிகாரத்தின் கீழே

கிழக்கு ஜெர்மனி என்ற நாடு 1990 அக்டோபர் 3ஆம் தேதியோடு இல்லாமல் போயிற்று. அதன் நாடாளுமன்றம் கூடிய குடியரசு மாளிகையையும் 2008க்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த நாட்டின் மிச்சத்தைப் பார்க்க பெர்லின் போகிறவர்கள் முதலில் மதில் துண்டுகளைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், அலெக்சாண்டர் சதுக்கத்தில் இருக்கும் உலகக் கடிகாரத்தின் கீழே ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும்.

எரிக் யோன் வடிவமைத்த இக்கடிகாரம் 1969இல் நிறுவப்பட்டது. ஒற்றைத் தூணின் மேல் 24 பட்டைகள் கொண்ட பெரிய உருளை. பட்டைக்கு ஒரு நேர மண்டலம்; அதில் அந்த மண்டலத்து நகரங்களின் பெயர்கள். முள் கிடையாது. ஊர்கள் அசையாமல் நிற்க, மணி எண்கள் பதித்த வளையம் அவற்றினூடே நகர்ந்துகொண்டிருக்கிறது. நகர்வது கண்ணுக்குத் தெரியாது. பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எண் சற்றுத் தள்ளிப் போயிருக்கும். உச்சியிலோ, கம்பி வளையங்களில் கோளங்கள் கோத்த சூரியக் குடும்பம் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. கீழே உள்ள வளையம் ஒரு சுற்று முடிக்க ஒரு முழு நாள் ஆகும். இரண்டு வேகங்களை ஒரே தூணில் ஏற்றிவைத்த அந்த யோசனை எனக்கு அலுப்பதே இல்லை. இதைச் சுழற்றும் இயந்திரத்துக்கு கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரின் கியர்பாக்ஸை மாற்றியமைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மக்கள் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அதே கார்தான்!

அந்நாளில் இதனடியில் சந்தித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோரை, மேலே பெயர் பொறித்திருந்த பல ஊர்களுக்குப் போக அந்த அரசு விடவில்லை. அதை நினைத்தால் மனம் கனக்கிறது. 1989 நவம்பர் 4 அன்று சுதந்திரம் கேட்டு லட்சக்கணக்கானோர் திரண்டதும் இதே சதுக்கத்தில்தான். 1997இல் கடிகாரத்தைப் பழுது பார்த்தபோது அதிலிருந்த லெனின்கிராடை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று திருத்தினார்கள்.

பக்கத்தில் ஆசிரியர் இல்லம். வால்டர் வோமாக்காவின் மொசைக் ஓவியம் இரண்டு மாடி உயரத்துக்கு அந்தக் கட்டடத்தைச் சுற்றி 125 மீட்டர் ஓடுகிறது. சொல்ல வந்தது அரசின் பிரச்சாரம்தான். ஆனாலும் லட்சக்கணக்கான சில்லுகளைப் பதித்த கைகளின் பொறுமையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

சாலையைக் கடக்கும்போது சிக்னலையும் பாருங்கள். கார்ல் பெக்லாவ் 1961இல் வரைந்த தொப்பிக்காரர். சிவப்பில் இரு கைகளையும் அகல விரித்து வழிமறிக்கிறார். பச்சையில் எட்டி நடை போடுகிறார். வெளிச்சம் நிறைய வரட்டும் என்றே உருவத்தைத் தடிமனாக வரைந்தார் பெக்லாவ். நாடு இணைந்த பிறகு தொப்பிக்காரரை அகற்றத் தொடங்கியதும் மக்கள் எதிர்த்தார்கள். இப்போது மேற்கு பெர்லின் தெருக்களிலும் அவர்தான் வழிவிடுகிறார்.